மூலை வெட்டிய பனீர்

“நான்தான் செஞ்சேன்” என்று சொர்ணம்மாள் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, இந்த அம்மாள் பொய் சொல்கிறாள் என்ற முடிவுக்கு அபிதா வந்துவிட்டாள்.

முழுதாக வரவில்லை, முக்கால்வாசி வந்திருந்தாள். உணவுப் பாதுகாப்பு அலுவலராக வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முடியாத பெண் அவள். பூட்டிய கதவை மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம். எந்த முடிவையும் ஒரு தடவை திரும்பப் போய் இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

விஷயம் இதுதான். இரணியல் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் சாலையில் சொர்ணம்மாளுக்கு ஒரு சின்னப் பால்கடை. முந்தின நாள் பக்கத்து மண்டபத்தில் நடந்த நிச்சயதார்த்த விருந்துக்குப் பனீர் போனது அந்தக் கடையிலிருந்து. சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் வாந்தியும் வயிற்றுவலியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். காலையில் அபிதா வந்து, கடையின் குளிர்பெட்டியில் இருந்த பனீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டாள். வெள்ளைக் கட்டி ஊதாநீலமாகிவிட்டது. பாலில் இருக்கக்கூடாத மாவு அதில் இருந்தது. மாதிரி எடுத்தாயிற்று, கடைக்கும் சீல் வைத்தாயிற்று.

அதைச் செய்தது யார் என்பதுதான் பாக்கி.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றாள் அபிதா. “யாருகிட்டயாவது வாங்கி வித்திருந்தா அந்த ஆளைக் காட்டுங்க. உங்களுக்கு அபராதத்தோட போகும். செஞ்சதே நீங்கன்னா லைசென்ஸ் ரத்தாகும், கேஸ் வரும், ஜெயிலுக்கும் போகவேண்டி வரும்.”

“எனக்குப் புரியாதா மோளே? நான்தான் செஞ்சேன். வீட்டு அடுப்புல பாலைக் காய்ச்சுனேன், எலுமிச்சநாரங்கா பிழிஞ்சேன், துணியில கெட்டித் தூக்குனேன். எங்க ஒப்புப் போடணும்? சொல்லு.”

ஒடிந்துவிடுகிற மாதிரி மெலிந்த உடம்பு, வெளிறிப்போன கைத்தறிச் சேலை. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் அபிதாவை உறுத்தியது. யாருக்காகவோ, அல்லது யாருக்கோ பயந்து, இந்த அம்மாள் கழுத்தை நீட்டுகிறாள்.

அலுவலக உதவியாளர் சுடலையாண்டி மாதிரிப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே முணுமுணுத்தார். “சர்வீசுல இத்தன வருசம் போச்சு மேடம். ஜெயிலுக்குப் போக இவ்வளவு அவசரப்படுக ஆளை நான் பாத்ததில்ல. ரேஷன் கடையில மண்ணெண்ணெய் குடுத்தாக்கூட இப்படி முந்த மாட்டாவ.”

கடைக்குப் பின்னாலேயே வீடு. அபிதா சமையலறைக்குள் போய் நின்றாள். ஒற்றை காஸ் அடுப்பு, அதன்மேல் ஒரு புட்டுக்குடம். இரண்டு அலுமினியப் பாத்திரங்கள் இருந்தன. பெரிய அண்டா கிடையாது, பிழிகிற துணியும் கிடையாது. ஒரு மண்டபத்துக்கே பனீர் போட்ட இடமா இது?

“இந்தப் புட்டுக்குடத்துல செஞ்சா பனீரு குழல் குழலால்லா வரும்” என்றார் சுடலையாண்டி. “நடுவுல தேங்காப்பூவு வேற விழுந்திருக்கும்.”

அபிதா சிரிக்கவில்லை. திரும்பி வந்து சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். “ஒரு கிலோ பனீருக்கு எத்தனை லிட்டர் பால் ஆகும்மா?”

சொர்ணம்மாள் ஒரு நொடி தயங்கினாள். “மூணு லிட்டர் ஆவும்.”

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. அஞ்சு லிட்டருக்குக் குறைந்து ஒரு கிலோ விழாது. ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்கும். இந்த அம்மாள் வாழ்நாளில் பாலைத் திரியவைத்துப் பனீர் எடுத்ததே இல்லை.

வெளியே வந்து, நாகர்கோவிலில் இருந்த தன் மேலதிகாரி, நியமன அலுவலர் ஹரிகுமாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அவளே ஒத்துக்கிட்டா இல்லியா?” என்றார் அவர். “ஒப்பு வாங்கிட்டு வா. நான் உரிமத்தை ரத்து பண்ணிட்டு ஃபைலை மேல அனுப்புகேன்.”

“சார், அவங்க யாரையோ மறைக்கிறாங்க. சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க. செஞ்ச ஆளோட வாறேன்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா…” அபிதா சீல் வைத்த கடையைத் திரும்பிப் பார்த்தாள். “ஒப்பு வாங்கிட்டு வாறேன் சார்.”

சொர்ணம்மாளிடம், சாயந்தரம் வரை வீட்டிலேயே இருக்கும்படி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். பறிமுதல் செய்த கட்டிகளில் ஒன்று பின்சீட்டில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. அவள் கையில் இருந்த துப்பு அது ஒன்றுதான்.

“எங்க மேடம்?” ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார் சுடலையாண்டி. ஓட்டுநர் பணியிடம் காலியாகக் கிடந்ததால் அந்த வேலையும் அவருடையதுதான்.

“தக்கலைக்கு. வினோஜ்.”

பால்பவுடரும் பனீரும் மொத்தமாக விற்கிற வியாபாரி வினோஜ். பொழுது விடிந்ததிலிருந்து இரண்டு தடவை ஆபீசுக்குப் போன் போட்டு, “இரணியல் கடைக்குச் சீல் வச்சாச்சா?” என்று விசாரித்திருந்தான். இப்படி அக்கறைப்படுகிறவன் ஒன்று நல்ல குடிமகனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சொர்ணம்மாளின் வாயைக் கட்டி வைத்திருப்பவனாக இருக்க வேண்டும்.

அவனுடைய சரக்குக் கிட்டங்கி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ரசீதுகள், உரிமம், குளிர்பதன அறை என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகக் காட்டினான். சாயா வரவழைத்தான். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தும் அவனுக்கு நெற்றியில் வேர்த்திருந்தது.

ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினாள் அபிதா. அவன் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“நம்ம சரக்கு இல்ல மேடம். நமக்கு வாறது செங்கல்லு மாதிரி கட்டியா, கவர் போட்டு வரும். இது விரிச்ச பாயி மாதிரியால்லா பரந்து கெடக்கு.”

“அவங்க உங்ககிட்ட பனீர் வாங்குறதில்லையா?”

“முன்ன வாங்குனா. இப்பம் நிறுத்தியாச்சு. எனக்குள்ள பாதி விலைக்கு அவளே விக்கத் தொடங்குனா. எனக்க வியாபாரம் படுத்தது அப்பம்தான். அதான் சீல் வச்சாச்சான்னு கேட்டேன். சந்தோசப்படக்கூடாதா?”

“பால்பவுடர்?”

அவன் கண் ஒரு கணம் சாக்கு அடுக்கின் பக்கம் போய்த் திரும்பியது. “பவுடரு ஆயிரம் பேரு வாங்குகா மேடம். யாரு என்னத்துக்கு வாங்குகான்னு நான் பின்னால போய்ப் பாக்க முடியுமா?”

ஜீப்புக்குத் திரும்பும்போது சுடலையாண்டி சொன்னார். “சாரல்லயும் வேர்க்குது. இவன் களவாணியா இருக்கணும், இல்லேன்னா சுகர் இருக்கணும். எனக்கு ரெண்டாவது இருக்கு, அதனால தெரியும்.”

அபிதா ஏறி உட்கார்ந்தாள். வினோஜ் பொய் சொன்னானா? முழுதும் பொய் என்றும் தோன்றவில்லை. பெட்டியை மடியில் வைத்துத் திறந்து, அந்தக் கட்டியை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். அகலமாக, தட்டையாக, ரெண்டு விரல் தடிமனில் இருந்தது. துணியில் கட்டித் தூக்கியிருந்தால் முதுகு உருண்டிருக்கும், நெசவின் வரி பதிந்திருக்கும். இதில் வரியே இல்லை. மூலைகள் உருண்டையாக இருந்தன. ஏதோ ஆழமில்லாத தட்டத்தில் ஊற்றி உறைய வைத்தது. குனிந்து மோந்தாள்.

“அண்ணே, ஒரு வாட்டி மோந்து பாருங்க.”

சுடலையாண்டி மூக்கைக் கொண்டுவந்து உறிஞ்சினார். “புகை மணம். பனீருக்கு பீடிப் பழக்கம் உண்டோ?”

“வேற என்ன தெரியுது?”

“இந்த மூலையை எலி கடிச்சிருக்கு. கடையில இருந்த எல்லாக் கட்டியிலயும் இதே மூலையைத்தான் கடிச்சிருந்துது. நல்ல ஒழுங்கான எலி.”

அபிதா பெட்டியை மூடினாள். போனை எடுத்துக் காலையில் பிடித்த படத்தைப் பெரிதாக்கினாள். அடுக்கியிருந்த எல்லாக் கட்டியிலும் இடதுபக்கத்து மூலை சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின ஓரம் பிசிறில்லாமல் வழவழவென்று இருந்தது. இறுகுவதற்கு முன்னாலேயே, ஈரத்தில், கத்தியால் வெட்டியிருக்கிறார்கள்.

பனீருக்கு எதற்கு மூலையை வெட்ட வேண்டும்? பனீருக்கு வேண்டாம். ஆனால் அவள் வீட்டில், கீரிப்பாறைக்குக் கீழே, அப்பா ரப்பர் ஷீட்டின் மூலையை இப்படி ஈரத்தில் வெட்டுவார். தட்டத்தில் ஊற்றி ஆசிட் விட்டு உறையவைத்த ரப்பர் பாலை, ரோலரில் கொடுத்துத் தண்ணீரை ஒட்டப் பிழிந்து, புகைப்புரையில் தொங்கவிட வேண்டும். புகைப்புரை பொது. பல தோட்டத்து ஷீட்டும் ஒரே கம்பில் கிடக்கும். மாறிப்போகாமல் இருக்க, அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மூலை வெட்டு உண்டு. அப்பாவுடையது இரட்டைக் கீறல்.

“ஆசிட்” என்றாள் அவள் மெதுவாக. “நாரங்கா இல்ல அண்ணே. ரப்பர் ஷீட்டுக்கு விடுற ஆசிட். அதான் எல்லாரும் வாந்தி எடுத்திருக்காங்க. ரப்பர் தட்டத்துல ஊத்தி, ரோலர்ல குடுத்துப் பிழிஞ்சிருக்காங்க.”

சுடலையாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நேத்து அந்த மண்டபத்துல விருந்துக்கு எனக்கும் விளி இருந்துது மேடம். பொண்டாட்டி சண்டை போட்டதால போகல. இனி அவளை ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“கீரிப்பாறை ரோட்டுக்குப் போங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, வழி முழுக்க அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. சொந்த ஊர் வழக்கம் என்பதால் தனக்கு அப்படித் தோன்றுகிறதா? தட்டம் எந்தத் தட்டமாகவும் இருக்கலாம், புகை எந்தப் புகையாகவும் இருக்கலாம். இரணியலில் ஒரு பாவப்பட்ட பெண் அடுத்தவன் குற்றத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தன் கணக்கு தப்பினால், சாயந்தரம் அவளிடம் ஒப்பு வாங்குவதும் தன் கைதான்.

பூதப்பாண்டி தாண்டி, வயல் முடிந்து, ரப்பர் மரங்கள் தொடங்கின. பொதுப் புகைப்புரை தெய்வநாயகத்துக்குச் சொந்தம். பூதப்பாண்டியில் நெல்வயலும் இங்கே கொஞ்சம் ரப்பரும் உள்ள பெரிய மனிதர். நெற்றி நிறைய நீறு பூசி, புகைப்புரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஷீட்டுகள் பழுப்பு நிறத்தில் வரிசையாகத் தொங்கின. அபிதா மூலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இரட்டைக் கீறல், நடுவில் துளை, முக்கோண வெட்டு. சாய்வு வெட்டு மட்டும் இல்லை.

போனில் இருந்த படத்தை மூலை மட்டும் தெரியும்படி நீட்டினாள். “இது யாரோட அடையாளம் ஐயா?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

“எனக்க அடையாளம்தான். என்ன விசயம்?”

சுடலையாண்டி அபிதாவின் காதருகே குனிந்தார். “இன்னைக்கு என்ன நாளு மேடம்? ஆளாளுக்கு முந்திக்கிட்டு ஒத்துக்கிடுகாவ.”

“உங்க ஷீட்டு ஒண்ணும் உள்ள காணலியே?”

“நான் இப்பம் ரப்பர் பாலு வெட்டுகதில்லம்மா. மரத்தைப் பாட்டத்துக்கு, குத்தகைக்கு விட்டாச்சு. அடையாளம் ஆளுக்க பேருல இல்ல, மரத்துக்க பேருல. யாரு மரத்தைப் பாட்டத்துக்கு எடுக்குகாவளோ, அவியளுக்குத்தான் அந்த வெட்டு.”

“அப்போ யாரு எடுத்திருக்கா?”

தெய்வநாயகம் சாலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், சுடலையாண்டியின் செருப்பையும் பார்த்தார். “விலை விழுந்தபிறகு ஷீட்டே இஞ்ச வாறதில்ல. ஆனா கீழ ரோலர் ஷெட்டுல புகை மட்டும் தினம் வருது. நான் போயி என்னத்துக்குக் கேக்கணும்? பாட்டம் ஒழுங்கா வருது. இப்பம்தான் ஒரு ஆட்டோ போச்சு. நீங்களே போயி கேளுங்க. எனக்க பேரை இழுக்காதீங்க.”

“பாட்டம் ஒழுங்கா வந்தா கண்ணு மங்கிப்போகும், என்னவே?” என்றார் சுடலையாண்டி. தெய்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மரங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் தடம். அடியில் தகரக்கூரை போட்ட ஷெட். வாசலில் ஆட்டோவின் சக்கரத் தடம் ஈரமாக இருந்தது. ஓரத்தில் காலிச் சாக்குகள் குவிந்து கிடந்தன. மேலே கிடந்த சாக்கைச் சுடலையாண்டி காலால் புரட்டினார். பால்பவுடர் சாக்கு. வினோஜ் கடையின் முத்திரை.

அபிதா குனிந்து அந்த முத்திரையைப் பார்த்தாள். எல்லாம் பொருந்தி வந்தது. வேர்வை, சாக்கு அடுக்கின் பக்கம் போன கண், பாதி விலைக் கதை. சொந்தச் சரக்கை அந்த அம்மாள் தலையில் கட்டி, போட்டியாளன் வேஷமும் போட்டிருக்கிறான். சொர்ணம்மாளைக் காப்பாற்ற இந்த ஒரு சாக்கு போதும். போதுமா? கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் போகலாமா?

“திரும்பிருவோமா மேடம்? போலீசோட வரலாம்” என்று கிசுகிசுத்தார் சுடலையாண்டி. “ரப்பர் வெட்டுக கத்தி சின்னதுதான், ஆனா ஆழமா இறங்கும்.”

“உள்ள யாருன்னு பாக்காம வர மாட்டேன்.”

தகர மறைப்பின் இடுக்கில் கண் வைத்தாள். ரோலர் சுற்றுகிற சத்தம் சீராகக் கேட்டது. ஒரு மூலையில் விறகு புகைந்தது. தரையில் நீள வரிசையாக அலுமினியத் தட்டங்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உறைந்து நின்றது. முதுகைக் காட்டியபடி ஓர் ஆள் ரோலரின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. பரந்த வெள்ளைத் தகடு உருளைகளுக்கு இடையில் நசுங்கி, தண்ணீரை வடித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஆள் அதை இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் விரித்தது. பக்கத்தில் இருந்த கத்தியை எடுத்து, யோசிக்காமல், மூக்கைச் சொறிவதுபோல் அவ்வளவு இயல்பாக, இடது மூலையைச் சாய்வாக ஒரு வெட்டு.

பிறகு நெற்றியைத் துடைக்கத் திரும்பியது.

வெளிறிப்போன கைத்தறிச் சேலை.

அபிதா கதவைத் தள்ளித் திறந்ததை அவளே உணரவில்லை. சொர்ணம்மாள் திடுக்கிடவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டங்களை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

“தக்கலையில சாயா குடிச்சுக்கிட்டு இருந்தா ஆளு முந்திப் போவாம என்ன செய்யும்?” என்றார் சுடலையாண்டி, யாரிடமும் இல்லாமல். முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை.

அபிதாவுக்கு எல்லாம் தலைகீழாகத் திரும்பி, மறுபடி நேராக நின்றது. மூன்று லிட்டர் என்று சொன்னவளுக்குப் பாலில் பனீர் எடுக்கத் தெரியாது, வாஸ்தவம்தான். பால் இல்லாமல் எடுக்கத் தெரியும். “நான்தான் செஞ்சேன்” என்று மூன்று தடவை சொன்னாளே, மூன்றும் சத்தியம். அடுப்பும் நாரங்காவும்தான் பொய்.

“கடையை எங்க கையில குடுத்துட்டு இதைக் காப்பாத்தப் பாத்தீங்க” என்றாள். “வீட்டு அடுப்புல செஞ்சதுன்னு எழுதிட்டா, வேற எங்கயும் தேட மாட்டோம். இல்லியா?”

“கடை வாடகைக்கு உள்ளது. நாளைக்கே வேற பேருல இன்னொண்ணு தொறக்கலாம். வக்கீலு வச்சா கேஸ் இழுத்துக்கிட்டே கெடக்கும்.” சொர்ணம்மாள் ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “ரப்பரு விலை விழுந்து தட்டமெல்லாம் சும்மா கெடந்துது. பாட்டம் குடுக்கணும்லா? வினோஜு பயகிட்ட பவுடர் வாங்குனேன், அவன் ஏன்னு கேக்கல. கட்டி நிக்க மாவும் சேத்துக்கிட்டேன். நாளைக்கு பூதப்பாண்டியில கலியாணம். இது அத்தனையும் அங்க போவணும்.”

“நேத்து சாப்பிட்டவங்கள்ல சின்னப் பிள்ளைங்களும் உண்டு.”

“ஆசிட் கொஞ்சம் கூடிப் போச்சு.” அவள் அதை உப்பு கூடிப்போனதுபோல் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் அபிதா காலையிலிருந்து சுமந்து வந்த இரக்கம் எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது.

“மூலையை ஏன் வெட்டுனீங்க? இது புகைப்புரைக்குப் போற சரக்கு இல்லியே.”

சொர்ணம்மாள் மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தகட்டைப் பார்த்தாள். உண்மையிலேயே புதிதாகப் பார்ப்பவள்போல். “வெட்டுனேனா?” என்றாள். “ஆமா. கை தானாப் போவுது. சவம்.”

சுடலையாண்டி தட்டங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கத் தொடங்கினார். அபிதா போனை எடுத்து ஹரிகுமாரைக் கூப்பிட்டாள். “சார், செஞ்சது அவங்கதான்.”

“அதைத்தானேம்மா காலையிலேயே சொன்னேன்?”

“இடம் வேற சார். போலீசை அனுப்புங்க. நாளைக்குப் பூதப்பாண்டிக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய சரக்கு முழுசும் இங்க இருக்கு.”

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, இடத்தைச் சொல் என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது சொர்ணம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பகை இல்லை, ஒரு கணக்கு மட்டும் விடுபடாமல் நின்றது.

“ஒண்ணு கேக்கேன், சொல்லு. நானே ஒத்துக்கிட்டேன். ஒப்புப் போடுகேன்னும் சொன்னேன். வேற யாரா இருந்தாலும் நம்பிருப்பாவ. நீ மட்டும் ஏன் நம்பல?”

அபிதா பதிலைத் தேடினாள். அடுப்பு, புட்டுக்குடம், மூன்று லிட்டர் எல்லாம் பிறகு வந்தவை. அதற்கு முன்னாலேயே அவள் நம்பாமல் போனது வேறு எதனாலோ.

“உங்களைப் பாத்தா இதைச் செய்யிற ஆளாத் தெரியல.”

சொர்ணம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்று, முகம் முதல் தடவையாகக் கலங்கியது.

“கெட்டுன மாப்பிள்ளை நம்பல, பெத்த மக நம்பல. என்னைய நல்லவன்னு நெனச்ச ஆளு இத்தன வருசத்துல ஒருத்தி கெடையாது மோளே. நெனச்ச ஒருத்தியும் இன்னைக்குன்னு பாத்தா வந்து சேரணும்?”